காப்புக் கட்டிய டிராக்டர்

கோட்டைக்குப்பம் தாண்டி மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் குப்பம். அங்கே கடலுக்குப் போகாத மீனவர் ஒருவர் இருக்கிறார். பெயர் தேவேந்திரன்.

போகவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மீசை அரும்புகிற வயதில் அவருடைய அப்பா ஒருநாள் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அலை தாண்டுவதற்குள் காலையில் தின்றது வெளியே வந்தது. அலை தாண்டியதும் முந்தின நாள் தின்றது வந்தது. வலை இறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை படகின் அடியில் சுருண்டு படுத்துக்கொண்டு, கரை எந்தப் பக்கம் என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு மீனும் படவில்லை. திரும்பி வந்த அப்பா, ஊர் கேட்கும்படி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இவனுக்குப் பதிலா ஐஸ் பெட்டிய ஏத்தினு போயிருக்கலாம். அதாச்சும் சும்மா கெடந்திருக்கும்."

அதற்குப் பிறகு தேவேந்திரன் பல வேலை பார்த்தார். டீக்கடை வைத்தார், போட்ட டீயில் பாதியை அவரே குடித்தார். இறால் குட்டையில் காவல் இருந்தார். அவர் தூங்கிய நேரத்தில் நாரைகள் காவல் இருந்தன. அப்படிப்பட்டவருக்கு மனோரமாவைக் கட்டிவைத்தார்கள். மனோரமா கூடை தூக்கி மீன் விற்று வீட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர்தான் வழி சொன்னார்.

"கடல்ல வாந்தி எடுக்கிறே, சரி. கரையில ஏதாச்சும் ஓட்டுய்யா."

பொன்னேரிப் பக்கம் நெல் வைக்கிற தெய்வசிகாமணி என்பவர், வயலில் உழுது தேய்ந்த பழைய டிராக்டர் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தேவேந்திரன் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த வண்டி. எங்கள் உப்புக்காற்றுப் பட்டதும் மிச்சமிருந்த சிவப்பும் உதிர்ந்து துரு நிறத்துக்கு வந்துவிட்டது.

வேலை இதுதான். கடலில் இருந்து வருகிற படகைக் கயிறு கட்டி மணலில் மேலே இழுத்துவிட வேண்டும். இழுத்ததற்குப் படகுக்கு ஒரு கை மீன் பங்கு. கூடையோடு மனோரமா பக்கத்தில் நிற்பார். கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வார். முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தால் படகு ஏறும். டிராக்டர் வந்தபின் எங்கள் ஆண்களுக்குத் தோள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. யாரைத் தோள் கொடுக்கச் சொன்னாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தேவேந்திரனைக் கூப்டு" என்பார்கள்.

அவ்வளவுதான், தேவேந்திரனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வண்டி நிற்கிற நேரத்திலும் அதன் மேலேதான் உட்கார்ந்திருப்பார். டீயும் அங்கேதான், பேப்பரும் அங்கேதான். கீழே நிற்கிறவரோடு பேசும்போது மூக்கு நுனி வழியாகத்தான் பார்ப்பார். யாரையும் வண்டியைத் தொடவிடமாட்டார். மனோரமா மட்டும் பக்கத்து மட்கார்டில் ஏறி உட்காரலாம், அதுவும் டீ கொண்டுவந்தால்.

போன ஆடியில் கங்கையம்மன் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது உண்டு. மஞ்சள் கிழங்கை மஞ்சள் நூலில் கோத்துப் பூசாரி வேலு மணிக்கட்டில் கட்டுவார். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. ஊர் எல்லை தாண்டக்கூடாது, ஒரு வேளைதான் சாப்பாடு, மீன் வாசமே ஆகாது. அவிழ்த்தால் அம்மனுக்கு ஆகாது. இதில் எங்கள் ஊரில் யாரும் விளையாடமாட்டார்கள். நானும்தான்.

தேவேந்திரனுக்குக் காப்புக் கட்டிக்கொள்ள ஆசை. ஆனால் மீன் குழம்பு இல்லாமல் அவருக்கு ஒரு கவளம் உள்ளே இறங்காது. அதோடு வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. அம்மன் தேரை வருஷா வருஷம் இவர் டிராக்டர்தான் இழுக்கும். இந்த வருஷம் கோட்டைக்குப்பத்தில் பளபளவென்று ஒரு புது டிராக்டர் வந்திருந்தது. அதை வைத்து இழுத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று ஊர்த் தலைவர் சுப்பராயலு வாயிலிருந்து ஒரு பேச்சு வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே தேவேந்திரன் கோயில் முன்னால் வந்து நின்றார். முகத்தில் விபூதி, குரலில் நடுக்கம்.

"தலைவரு நைனா, ராத்திரி அம்மன் கனவுல வந்தா. 'டேய் தேவேந்திரா, உனுக்குக் காப்பு வாணாம், உன் வண்டிக்குக் கட்டு. என் தேர அதுதான் இழுக்கணும்'னு சொல்லிட்டுப் போய்ட்டா."

அம்மன் கனவில் வருவாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வந்த இடத்தில், இவர் மீன் குழம்புக்கும் தடையில்லாமல், தேர் உரிமைக்கும் பழுதில்லாமல் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேசுவாளா என்றுதான் ஊரில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. கனவை யார் போய்ப் பார்த்தது? அம்மன் பேரைச் சொன்னபின் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்? சுப்பராயலு மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, அம்மன் சொல்லிட்டா. கட்டிக்கோ" என்றார். பூசாரி வேலு மட்டும், "வண்டிக்கெல்லாம் எனுக்கு மந்திரம் தெரியாது. நீயே கட்டிக்கோப்பா" என்று நழுவிக்கொண்டார்.

வண்டி அப்போது கரை மேட்டில் நின்றிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் கறுப்புக் குமிழோடு. குமிழ் தலைபோலவும் கம்பி கழுத்துபோலவும் இருந்ததால் தேவேந்திரன் அந்தக் கழுத்தைத் தேர்ந்தெடுத்தார். நல்ல பருமனான மஞ்சள் கிழங்கை வைத்து, நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றி இறுக்கினார். அதன்மேல் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி மாலை. கம்பி இருந்த இடமே தெரியவில்லை.

காப்புக் கட்டியபின் முதல் மூன்று நாள் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. டிராக்டருக்கும் வேலை இல்லை. நான்காம் நாள் அமாவாசை நெருங்கி, கடல் தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்தது. படகுகள் எல்லாம் கீழ் மணலில் கிடந்தன. சாயங்காலத்துக்குள் மேலே ஏற்றாவிட்டால் அலை வந்து ஒன்றோடொன்று முட்டி உடைத்துவிடும்.

தேவேந்திரன் வண்டியில் ஏறினார். அம்மனை வேண்டினார். மாலைக்குள் கைவிட்டுக் குமிழைத் தள்ளினார், சாவியைத் திருப்பினார். டர்ர், டர்ர், டர்ர். இன்ஜின் நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி டர்ர், டர்ர்.

"இன்னா தேவேந்திரா, பேட்டரி காலியா?" என்றார் சுப்பராயலு.

"பேட்டரி காலியா இருந்தா இப்டி சுத்துமா நைனா? செல்ஃப் நல்லா அடிக்குது. ஸ்டார்ட் ஆவல, அவ்ளோதான்."

"அவ்ளோதானா! அலை வந்து படகு உடைஞ்சாலும் அவ்ளோதான்னு சொல்வியா?"

ஊர் கூடிவிட்டது. கூடியவர்கள் ஆளாளுக்கு மெக்கானிக் ஆனார்கள். டீசல் தீர்ந்திருக்கும் என்றார் ஒருவர். மூடியைத் திறந்து பார்த்தால் முக்கால் டாங்கி இருந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் இன்னொருவர். டாங்கி அடியில் இருந்த திருகைத் தளர்த்தி ஊற்றிப் பார்த்தார்கள், சுத்தமான டீசல், மணல் குடித்துவிட்டது. அப்புறம் ஞானதாஸ் ஸ்பேனரோடு வந்தார். படகு இன்ஜின் ரிப்பேரில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் டிராக்டரையும் படகாகவே நினைத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா, ப்ளக்கு அடைச்சினு இருக்கும். கழட்டித் தொடச்சா பூடும். ப்ளக்கு எங்க வெச்சிகீறான்?"

இன்ஜினை நாலு பக்கமும் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"அண்ணா, இது டீசல் இன்ஜின். இதுக்கு ப்ளக்கே கெடையாது" என்றார் தேவேந்திரன், மூக்கு நுனி வழியாக.

ஞானதாஸ் நிமிர்ந்தார். "அப்ப அதான் ஸ்டார்ட் ஆவல" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். இடுப்பு வலிக்காரர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். மணலில் புதைந்த டிராக்டரை ஊரே சேர்ந்து முக்கி முனகி ஒரு முழம் தள்ளியது. வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது. கூடையோடு நின்றிருந்த மனோரமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, இதுக்குக் குடுக்கிற தோளை அந்தப் படகுக்குக் குடுத்தா இந்நேரம் எல்லாம் மேல ஏறியிருக்குமே!"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நல்ல யோசனையாக இருந்ததால் யாருக்கும் பிடிக்கவில்லை. "டிராக்டர் தள்றது வேற, படகு தள்றது வேற" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். எல்லாரும் போய் நிழலில் உட்கார்ந்தார்கள்.

சுப்பராயலு வண்டிப் பக்கம் வந்து, குரலை ஏற்றாமல் பேசினார்.

"தேவேந்திரா, கேட்டுக்கோ. பொழுது சாயறதுக்குள்ள படகு ஏறணும். இல்லாங்காட்டி கோட்டைக்குப்பத்து வண்டிய இட்டாந்துடுவேன். இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமே எப்பவும் அதான். உனுக்கு ஞானதாஸ் படகுல ஒரு எடம் சொல்லி வெக்கிறேன். வலை இழுக்கப் போவலாம்."

படகு என்ற சொல்லைக் கேட்டதுமே தேவேந்திரனுக்கு வாயில் எச்சில் ஊறியது. அது மீன் குழம்புக்கு ஊறுகிற எச்சில் இல்லை.

பொன்னேரிக்குப் போன் போட்டார். வெயில் தலைக்கு மேல் வந்த நேரத்தில் தெய்வசிகாமணி மொபெட்டில் வந்து சேர்ந்தார். முண்டாசைக் கட்டிக்கொண்டு, நேராகப் புகைக்குழாய் பக்கம் போய் நின்றார்.

"செல்ஃப் அடி."

டர்ர், டர்ர், டர்ர்.

"போதும். புகையே வரலியே. சுத்தற இன்ஜினுக்கு டீசல் போனா, ஸ்டார்ட் ஆவலன்னாலும் வெள்ளையா கொஞ்சம் புகையாவது தள்ளும். உள்ள ஒரு சொட்டு டீசல் போவல. ஸ்டாப்பர் தள்ளிட்டியா?"

"இன்னாண்ணா, இத்தினி வருஷம் ஓட்டறவனைப் போயி... காலையிலயே தள்ளிட்டேன்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த வண்டியைச் சாவி திருப்பி நிறுத்த முடியாது. ஒரு கம்பியை வெளியே இழுத்தால் டீசல் அடைபட்டு இன்ஜின் நிற்கும். மறுபடி ஸ்டார்ட் செய்ய அந்தக் கம்பியை முழுக்க உள்ளே தள்ள வேண்டும். அதைத்தான் ஸ்டாப்பர் என்பார்கள். அதன் நுனியில்தான் கறுப்புக் குமிழ் இருக்கும்.

தெய்வசிகாமணி சாமந்தி மாலையைத் தூக்கிப் பார்த்தார். கம்பி வெளியே நின்றது. உள்ளே போகவிடாமல் தொண்டையில் ஒரு மஞ்சள் கிழங்கு.

"இன்னாப்பா இது?"

"காப்பு" என்றார் தேவேந்திரன்.

"யாருக்குக் காப்பு?"

"வண்டிக்கு."

"வண்டிய நிறுத்தற கம்பியில காப்புக் கட்டிட்டு, வண்டி ஓடலன்னு என்னைப் பொன்னேரிலேர்ந்து கூப்பிட்டியா? அவுத்துப் போடுப்பா!"

கூட்டம் திக்கென்று நின்றது. "ஐயோ, அவுக்கக்கூடாது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் தெய்வசிகாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் அம்மன் இருக்குது. நான் தொடமாட்டேன்" என்று தள்ளிப்போய் நின்றார்.

பூசாரி வேலுவைக் கூப்பிட்டார்கள். பூசாரி கம்பியைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், கடைசியாகத் தேவேந்திரனைப் பார்த்தார்.

"காப்புன்னா காப்புதான். கட்டினா திருவிழா முடியறவரைக்கும் அவுக்கக்கூடாது. காப்புக் கட்டினவங்க மீனும் தொடக்கூடாது. உன் வண்டி மீன் படகை இழுக்கலாமா? அம்மனே பார்த்துதான் நிறுத்தி வெச்சிகீறா, நல்லவ."

"பூசாரி, படகு உடையப் போவுது!" என்றார் சுப்பராயலு.

"ஒரு வழி கீது. அம்மன் சொல்லிக் கட்டினாத்தான் அது காப்பு. அம்மன் சொல்லலன்னா அது மஞ்சளும் நூலும். யார் வேணா அறுக்கலாம்."

எல்லார் தலையும் ஒன்றுபோலத் தேவேந்திரன் பக்கம் திரும்பியது.

சுப்பராயலு கேட்டார். "சொல்லுப்பா. அம்மன் கனவுல வந்தாளா, வரலியா? ஒரே பேச்சு."

தேவேந்திரன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த உயரம் அவருக்கு முதல்முறையாக இடைஞ்சலாக இருந்தது. வந்தாள் என்றால் வண்டி அசையாது. கோட்டைக்குப்பத்து டிராக்டர் வரும். இவர் ஞானதாஸ் படகில் ஏற வேண்டும். வரவில்லை என்றால் வண்டி ஓடும். ஆனால் அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவர் என்று ஊர் காறித் துப்பும். கீழே அலை வந்து முதல் படகை நக்கிவிட்டுப் போனது.

தேவேந்திரன் கண்ணை மூடினார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து நாலு பேர் கிட்டே போனார்கள். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"நைனா! இப்பதான் வந்தா!"

"யாரு?"

"அம்மன்! கனவுல! 'ஊரு படகு முக்கியம்டா, காப்ப அவுத்துடு. தேருக்கு மட்டும் உன் வண்டிதான்'னு சொல்லிட்டு இப்பதான் போறா!"

"பட்டப் பகல்ல, உக்காந்த எடத்துல, நாங்க பேசிக்கினு இருக்கச்சே தூங்கிட்டியா?"

"கண் அசந்துட்டேன் நைனா."

மனோரமா கூடையை இறக்கி வைத்தார். "அந்தத் தூக்கம் நெசந்தான். மீன் வித்து நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இப்டித்தான் அசந்து கெடப்பாரு."

சிரிப்பைப் பலர் தோள் துண்டுக்குள் விழுங்கினார்கள். ஆனால் யாரும் அவரைப் பொய்யன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? படகு அவர்களுடையது. தோள் கொடுக்கிற வேலையும் மிச்சம். அந்தக் கனவு ஊருக்கே வசதியாக இருந்தது. பூசாரி கற்பூரம் ஏற்றினார். தேவேந்திரன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் கிழங்கை வேலு பயபக்தியோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குமிழ் டக்கென்று உள்ளே போனது. சாவியைத் திருப்பினார். முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் கரும்புகை, அப்புறம் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி வண்டி உறுமியது. பொழுது சாயும்போது கடைசிப் படகும் மேட்டில் ஏறிவிட்டது. தேவேந்திரனின் மூக்கு மறுபடி நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் சுப்பராயலு கோயில் முன்னால் வந்து நின்றார். முகத்தில் விபூதி, குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ராத்திரி எனுக்கும் அம்மன் கனவுல வந்தா. கடைசி நாள் கடல் பூசைக்கு, அலை தாண்டிப் போயி பால் ஊத்திக் கும்பத்துல தண்ணி மொண்டாரணும் இல்ல? அதை இந்த வருஷம் தேவேந்திரன் கையாலதான் செய்யணுமாம்."

தேவேந்திரனின் முகம் சாமந்தி நிறத்துக்குப் போனது. "நைனா, அது... வந்து... கனவெல்லாம் நெசமாவா..."

"இன்னாப்பா, அம்மன் கனவுல வரமாட்டாங்கிறியா?"

வரமாட்டாள் என்று தேவேந்திரன் எப்படிச் சொல்வார்? ஊரில் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

தேரை இந்த வருஷமும் தேவேந்திரன் வண்டிதான் இழுத்தது. கடைசி நாள் மேளத்தோடு படகு இறங்கியது. பூசாரி வேலு முன்னால், கும்பத்தை அணைத்தபடி தேவேந்திரன் நடுவில். அலை தாண்டுவதற்குள்ளேயே கும்பம் பூசாரி கைக்குப் போய்விட்டது. பால் ஊற்றியதும் பூசாரிதான், தண்ணீர் மொண்டதும் பூசாரிதான். தேவேந்திரன் கடலுக்குக் கொடுத்ததைக் காணிக்கைக் கணக்கில் சேர்க்க முடியாது. கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். சிரிப்பு வந்து குலவை பாதியில் நின்றது.

படகு திரும்பிக் கீழ் மணலில் தட்டியது. மேலே இழுக்க வேண்டும். இழுக்கிற ஆள் படகின் அடியில், கண்ணை மூடி, சுருண்டு கிடந்தார். இந்த முறை கனவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஆண்கள் வழக்கம்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தேவேந்திரனைக் கூப்டு" என்று சொல்ல வாயெடுத்து, அவர் கிடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

மனோரமா கூடையை மணலில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழக்கமான மட்கார்டில் உட்காராமல் ஆசனத்தில் ஏறினார். குமிழை உள்ளே தள்ளி, சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. கயிறு விறைத்தது. வேலு, கும்பம், தேவேந்திரன் எல்லாரோடும் படகு மேட்டில் வந்து நின்றது.

"இழுத்த பங்கு எடுத்துக்கோம்மா" என்றார் சுப்பராயலு.

மனோரமா வண்டியை விட்டு இறங்கிப் படகுக்குள் எட்டிப் பார்த்தார். மீன் ஒன்றும் இல்லை. கும்பம் அம்மனுக்குப் போகிறது. மிச்சம் கிடந்தது ஒன்றுதான்.

"இதையா?" என்றார். "ஐஸ் போட்டாலும் தாங்காது நைனா."

ஆனாலும் கையைப் பிடித்து எழுப்பி, முந்தானையால் அவர் வாயைத் துடைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டிச் சாவி மட்டும் மனோரமாவின் இடுப்பிலேயே இருந்தது.